மறைத்தலும் அமானிதமும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து, மக்தபுப் பிள்ளைகளும் கலைந்து சென்றபின், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் மகளுடன் ஊரப்பாக்கத்தில் உள்ள நம் இல்லத்துக்கு வந்தார். மஸ்அலா கேட்க வரும் பெண்டிர் பெரும்பாலும் இத்தா, ஜகாத், விடுபட்ட நோன்பு ஆகியவற்றைப் பற்றியே கேட்பர். இவர் கேட்டது வேறு.

"ஹஜ்ரத், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது பொய்யில் சேருமா?"

எதைச் சொல்லவில்லை என்று கேட்டோம். மகள் எழுந்து வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார். அதன்பிறகே அம்மையார் வாய் திறந்தார்.

அவர் கூறியதன் சாரம் இது. கணவர் பிழைப்பின் பொருட்டு ஊர் ஊராய்ச் சென்றவர்; மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. அவருடைய கடைசி நோயின்போதுதான் இருவர் குருதியிலும் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. 2004-ஆம் ஆண்டில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் அதற்கான மாத்திரைகளை இலவசமாய் வழங்கத் தொடங்கியபோது இவரும் அங்கே பெயர் பதிந்தார். அன்று முதல் ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு, மக்களை ஆளாக்கி, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார். சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. இடத்தோளும் தாடையும் வலிக்கின்றன. வாயு என்று எண்ணி, வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெண்மருந்தை நாள்தோறும் குடித்து வந்தார். பிறகு மகன் இதய மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவரிடம் சர்க்கரை மாத்திரையைச் சொன்னார். இரத்த அழுத்த மாத்திரையைச் சொன்னார். இந்த ஒன்றைச் சொல்லவில்லை. பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு சொல் போகலாகாது என்பது மகனின் கட்டளை.

(அவர் அனுமதியுடனேயே இதனை எழுதுகின்றோம். இன்னார் என அறியத்தக்க அடையாளங்களை மாற்றியிருக்கின்றோம்.)

அவருக்கு நாம் உடனே விடை கூறினோம். தன் குறையை மறைத்துக்கொள்பவரை அல்லாஹ்வும் மறைத்துக் காப்பான். மறைத்தல் மார்க்கத்தில் விரும்பத்தக்கது. சொல்லாமல் விடுவது வேறு, பொய்யுரைப்பது வேறு. ஆகவே கவலற்க என்றோம். அவர் முகம் தெளிந்து சலாம் சொல்லிப் போனார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அத்துணை விரைவாக விடையிறுத்ததற்குக் காரணம் கல்வியன்று, கூச்சம் என்பது நமக்கே தெரிந்திருந்தது. அந்நோயின் பெயர் நம் வீட்டில் இன்னும் இரண்டு நிமிடம் ஒலித்துக்கொண்டிருப்பதை நாம் விரும்பவில்லை.

மறுநாள், முன்பு நம்மிடம் ஓதிய மாணவரும் இப்போது வேறொரு மாவட்டத்தில் மருத்துவராக இருப்பவருமான ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, ஆளைச் சொல்லாமல் செய்தியை மட்டும் கூறினோம். அவர் பதறிவிட்டார். "ஹஜ்ரத், அந்த அம்மா உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து" என்றார். அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் படித்தும் கேட்டும் அறிந்ததையும் முதலில் சொல்லிவிடுகின்றோம். ஏனெனில் மஸ்அலாவின் உண்மை நிலை தெரியாமல் சொல்லும் தீர்ப்பு, கிப்லா தெரியாமல் கட்டிய தக்பீர் போன்றது.

மனித உடலில் நுழையும் கிருமிகளில் சில வந்து போய்விடும், சில குடியேறிவிடும். அம்மை வார்த்துத் தணிந்த சிறுவனின் நரம்பு முடிச்சுகளில் அக்கிருமி ஒடுங்கிக் கிடந்து, ஐம்பது ஆண்டு கழித்து அக்கியாய் வெளிப்படுவதை நம் ஊர்களில் யாவரும் அறிவர். குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்ட பாட்டிமார் நம் குடும்பங்களிலும் இருந்தனர். அக்கி கண்ட சில வாரங்களில் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. சைட்டோமெகலோ வைரஸ் என்று இன்னொன்று உண்டு. நம் நாட்டில் வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமக்கின்றனர். சிறு பிள்ளையாய் இருக்கும்போதே, தாய்ப்பாலிலோ எச்சிலிலோ வந்து சேர்ந்துவிடும். நமக்கும் இருக்கும், இதைப் படிப்பவர்க்கும் இருக்கும். ஆயுள் முழுதும் அது தலைதூக்காதபடி நம் வெண்ணணுக்கள் காவல் புரிகின்றன. முன் கண்ட பகைவரை நினைவில் வைத்துக் காக்கும் வெண்ணணுக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அந்த ஒரே கிருமியைக் காப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. முதுமையில் அப்பங்கு இன்னும் பெருகுவதுண்டு.

புதிய காவலரைப் பயிற்றும் இடம் நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் என்னும் சுரப்பி. அது இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. எனவே வயதானவர் உடலில் பழைய பகையை அறிந்த கிழக்காவலர் மிகுதி. புதிய பகையை எதிர்கொள்ளும் இளங்காவலர் குறைவு. அக்கிழக்காவலரோ ஓய்ந்திருப்பதில்லை. இடைவிடாமல் அழற்சியை மூட்டும் பொருள்களைக் குருதியில் உமிழ்ந்துகொண்டே இருக்கின்றனர். கிளாடியோ ஃபிரான்செஸ்கி என்னும் இத்தாலிய அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இந்நிலைக்கெனத் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். தமிழில் அதனை முதுமையழற்சி எனலாம். தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவதும், படிந்தது வெடித்துக் குருதி உறைவதும் இவ்வழற்சியின் துணையோடு நடைபெறுகின்றன. மாரடைப்பு என்பது குழாய் அடைபடும் வேலை மட்டுமன்று. குழாயின் சுவர் எரியும் வேலையுமாகும்.

எச்.ஐ.வி. உள்ளவர்க்கு இவை யாவும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. அக்கிருமி தாக்குவது காவற்படையின் தலைவர்களான சி.டி.4 அணுக்களை. தொற்றிய முதற் சில வாரங்களிலேயே குடற்சுவரில் உள்ள அவ்வணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. காவலிழந்த குடற்சுவர் வழியே அங்குள்ள நுண்ணுயிர்களின் துணுக்குகள் குருதியில் கசிந்து ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. மாத்திரைகள் கிருமியைக் கணக்கில் காணவியலாத அளவுக்கு அடக்கிவிடும். ஆயினும் அவ்வழற்சி முற்றும் அணைவதில்லை. மற்றவரினும் இவர்க்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை அதிகம். மாத்திரையே இதயத்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, இடையிடையே அதை நிறுத்திப் பார்த்த ஆராய்ச்சி ஒன்றும் நடந்தது. 5472 பேரைக் கொண்ட அவ்வாராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. நிறுத்தியவரிடமே மரணமும் இதய நோயும் மிகுந்தன. ஆகவே மாத்திரையை விடுவதற்கும் வழியில்லை.

2023-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி மகிழ்ச்சி தருவது. 40 முதல் 75 வயது வரையுள்ள 7769 எச்.ஐ.வி. நோயாளரிடம், இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் என்னும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தனர். வழக்கமான கணக்குப்படி இதய நோய் வாய்ப்பு மிகுதியாக இல்லாதவர்கள் அவர்கள். அவர்களிடமே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன. ஆனால் கொழுப்பு மாத்திரைகளில் எல்லாம் எல்லார்க்கும் ஆகா. சிம்வாஸ்டாட்டின் என்பது, ரிட்டோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்துகளை உண்பவர்க்குத் தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சாய்விடக்கூடும். இன்று அரசு மையங்களில் பெரும்பாலோர்க்கு வழங்கும் மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரோ, சர்க்கரைக்கு உண்ணும் மெட்ஃபார்மினைக் குருதியில் மிகச் செய்வது. நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் மெட்ஃபார்மின் கொடுப்பதை மருத்துவர் தவிர்ப்பர். வயிற்றெரிவுக்கான வெண்மருந்தையும், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளையும் வெறும் வயிற்றில் உடன் உண்டால், டோலுடெக்ராவிர் உடலில் சேராது போகும். வெண்மருந்துக்கு இரண்டு மணி முன்னரோ ஆறு மணி பின்னரோ அதை உண்ண வேண்டும்.

நம் அம்மையார் உண்டது அந்த மாத்திரையேதான், மெட்ஃபார்மினும் உண்டார், வெண்மருந்தும் குடித்தார். மறைத்தல் விரும்பத்தக்கது என்று நாமும் சொல்லியனுப்பினோம்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஸத்ர் என்னும் மறைத்தலைச் சிறப்பிக்கும் நபிமொழிகள் எதைப் பற்றியவை? மாஇஸ் (ரலி) அவர்கள் தம் பாவத்தை ஒப்புக்கொள்ளுமாறு அனுப்பிவைத்த ஹஸ்ஸால் (ரலி) அவர்களை நோக்கி, உம் ஆடையால் அவரை மூடியிருந்தால் உமக்கு நலமாயிருந்திருக்கும் என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அங்கே மூடத்தக்கது பாவம். மூட வேண்டியவர் அதைக் கண்டவர். மையித்தைக் குளிப்பாட்டுபவர் அதன் மேனியில் கண்டதை வெளியே சொல்லாதிருந்தால் அவருக்குப் பெரும் மன்னிப்பு உண்டு என்று வந்துள்ள அறிவிப்பும் அத்தகையதே. அங்கே மூடத்தக்கது உடலின் நிலை. மூட வேண்டியவர் அதைக் கண்டவர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நம் தவறு நமக்குப் புலப்பட்டது. ஸத்ர் என்பது கண்டவர் மீதும் கேட்டவர் மீதும் சுமத்தப்பட்ட கடமை. நாமோ அதைக் கழற்றி, நோயுற்றவர் தலையில் சுமத்தி வைத்திருக்கின்றோம். நாம் வாயை மூடுவதில்லை. எனவே அவர்கள் நோயை மூடுகின்றனர்.

நோயும் பாவமும் ஒன்றல்ல என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. அய்யூப் (அலை) அவர்களின் வரலாறு யாவரும் அறிந்தது. ஹிஜ்ரி 18-இல் ஷாம் நாட்டில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தனர். இவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கொள்ளைநோய் பற்றித் தனி நூலே யாத்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் தம் பெண்மக்கள் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். இருந்தும் தொற்று ஒன்று வந்தால் முதலில் குற்றவாளியைத் தேடும் வழக்கம் நம்மிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

இவ்வூரில் இருப்பவர்க்கு இது புதிதன்று. சென்னையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறினால், தாம்பரத்துக்கு முன்னே சானடோரியம் என்றே ஒரு நிலையம் வரும். டேவிட் சவுரிமுத்து என்னும் மருத்துவர் 1928-இல் காசநோயாளர்க்கென அங்கே ஓர் உறைவிடம் அமைத்தார். நல்ல காற்றும் ஊருக்கு வெளியே தொலைவும் வேண்டியிருந்தன. வண்டி ஊரப்பாக்கம் கடந்து முடிவில் செங்கற்பட்டை அடைகிறது. அங்கே திருமணியில் தொழுநோயாளர்க்கான பழைய மருத்துவமனை. 1955-இல் மத்திய அரசு அதனை ஏற்றுப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. பட்டணம் அஞ்சிய நோய்களையெல்லாம் இந்தப் பாதையோரமாகவே தள்ளி வைத்துக்கொண்டு வந்தது. இடையில் நாம் குடியிருக்கின்றோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களும், அவருடைய மாணவியார் செல்லப்பன் நிர்மலா அவர்களும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதல் தெரிந்தது. அடுத்த பத்தாண்டில் மற்ற மருத்துவமனைகள் கதவடைத்த நோயாளிகள் தாம்பரத்துக்கு வந்தனர். காசநோய் மருத்துவமனை அவர்களையும் ஏற்றது. 2004 ஏப்ரலில் நடுவணரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியபோது முதலில் தேர்ந்த எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று.

அம்மையார் அம்மையத்துக்குச் செல்லும்போது சானடோரியத்தில் இறங்குவதில்லையாம். குரோம்பேட்டை வரை போய், ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவாராம். அந்நிலையத்தில் இறங்குவோரைப் பார்ப்பவர் ஒரு கணக்குப் போடுவர் என்ற அச்சம். இருபதாண்டுகளாக மாதந்தோறும் இந்தக் கூடுதல் ஆட்டோக் கூலி.

அந்நாட்களில் இந்நோயால் இறந்தோரின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆளின்றித் தவித்த வீடொன்றை நாமே கண்டிருக்கின்றோம். எவ்வூர் என்பதை எழுத வேண்டுவதில்லை. கையுறை அணிந்து குளிப்பாட்டுவதில் ஆபத்தில்லை என்று எடுத்துச் சொல்ல அன்று நமக்கும் துணிவு வரவில்லை. இப்போது அவ்வச்சம் குறைந்துள்ளது. ஆயினும் கபனிடுவோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழக்கம் குறைந்ததாகச் சொல்ல மாட்டோம்.

ஆட்சேபம் ஒன்று எழும். நோயைப் பாவத்தினின்று பிரித்துவிட்டால் ஒழுக்கத்தின் அணை தளர்ந்துவிடாதா? நம் நண்பரான ஓர் ஆலிம் இதை நம்மிடம் நேராகவே கேட்டார். அவர் கவலையை நாம் இகழவில்லை. இளைஞரை எச்சரிக்கும் கடமை நமக்குண்டு. ஆயினும் இவ்வம்மையாரைப் பார்க்கட்டும். ஹலாலான கணவரைத் தவிர வேறெவரையும் அறியாதவர். நோயைக் காட்டிப் பாவத்தை அச்சுறுத்தும் கொள்கை, பாவம் செய்தவர் மறைந்து இருபதாண்டு ஆனபின்னும் இவரையன்றோ அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது? இன்னொன்றும் உண்டு. மறைந்த கணவர் என்ன செய்தார் என்பதும் நமக்குத் தெரியாது. குருதியேற்றியதாலும் ஊசியாலும் பரவியது அக்காலத்தில் அரிதன்று. தெரியாததைப் பற்றித் தீர்ப்புரைக்க நம்மை யாரும் நியமிக்கவில்லை.

மறைத்தல் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதற்கு நம் முன்னோர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் கைத்தடியைக் கீழே வைக்காதவர் என்ற உண்மையை அவர்கள் மறைக்கவில்லை. ஒருவர் வாழ்வில் ஊறு நேரக்கூடிய இடத்தில் குறையைச் சொல்வது புறமாகாது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் இடங்கள் ஆறு என்று வகுத்ததில் இத்தகைய எச்சரிக்கையும் ஒன்று. ஆகவே மணக்கவிருப்பவர் தம் நோயைத் துணையிடம் மறைத்தல் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. மாத்திரையால் கிருமி அடங்கியவரிடமிருந்து துணைக்கு அது பரவுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மையே. சென்னையும் பங்கேற்ற ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2011-இல் வெளியானபோதே மருந்து பரவலைத் தடுக்கும் வலிமை வெளிப்பட்டது. இருந்தும் அறிந்து உடன்படும் உரிமை துணைக்குண்டு.

ஆனால் பேத்தியை மணக்க வருவோருக்குப் பாட்டியின் குருதியைப் பற்றி அறியும் உரிமை யாது? அவர்கட்கு அதனால் வரும் ஊறு ஏதுமில்லை. பேத்திக்கும் அந்நோய் இல்லை. அங்கே மறைத்தல் ஆகும் என்பது மட்டுமன்று. கேட்டவரையே நாம் கண்டிப்போம். மகன் அஞ்சியது இந்த இடத்தை. தாய் வாய்மூடியதோ வேறிடத்தில். ஒரே மௌனத்தை இரண்டிடத்திலும் விரித்ததுதான் பிழை.

மருத்துவர் எவ்விடத்தில் நிற்கிறார்? ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஏற்றவராவார் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. ஒருவரிடம் அமானிதம் ஒப்படைப்பவர் பையில் பாதியை ஒளித்துவிட்டு மீதியைக் கொடுத்து, முழுவதையும் காத்துத் தா என்று சொல்வதில்லை. உடலும் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதமே. அதனை அவரிடம் கொடுக்கும்போது அதன் கணக்கையும் கொடுத்தாக வேண்டும். இந்நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், நோயைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடுக்கிறது. அவர் இசைவின்றி அச்செய்தியைப் பிறர்க்கு வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டப்புத்தகத்தில் உள்ளதெல்லாம் சிகிச்சை அறையில் இருப்பதில்லை என்பது உண்மைதான். கோப்பின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, கூடம் முழுதும் அறியச் செய்த இடங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கின்றோம். எனவே அம்மையாரின் அச்சம் வெறுங்கற்பனையன்று. சொல்வது அவர் கடமையெனில், சொன்னதைக் காப்பது கேட்டவர் கடமை. இரண்டாவது நடவாத இடத்தில் முதலாவதைக் கடுமையாய்க் கேட்க நமக்கு வாய் எழாது.

முதுமையைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டதற்கு, செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர, என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஹரம் என்பது அங்கே வரும் சொல்; மூப்பின் தளர்ச்சி எனப் பொருள். ஓதும் காலத்தில் இந்த விதிவிலக்கை நாம் விரைந்து கடந்து போயிருக்கின்றோம். இப்போது அது நம்மை நிறுத்துகிறது. எச்.ஐ.வி. என்னும் நோய்க்குக் கிருமியை அடியோடு போக்கும் மருந்து எல்லார்க்கும் எட்டவில்லை; அடக்கும் மருந்து வந்துவிட்டது. அடக்கப்பட்டவுடன் அந்நோய் என்னவாயிற்று? முதுமையாய் மாறிற்று. 1990-களில் அது இளைஞரைக் கொன்ற நோய். இன்றோ முப்பது வயதில் சாகவிருந்தவர் அறுபதில் மூச்சு வாங்கிப் படியேறுகிறார். அவர் நோயின் பெயர் மாறிவிட்டது. நம் நாவில் மட்டும் பழைய பெயரே இருக்கிறது. இந்நாட்டில் இக்கிருமியோடு வாழ்வோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மருந்து உண்டு முதுமையை எட்டுவோர் அவர்களிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். நம் ஜமாஅத்துகளில் அவர்கள் இல்லை என்று எண்ணுவது, அவர்கள் நன்றாக மறைத்திருக்கிறார்கள் என்பதற்கே சான்று.

பழைய பகையை மறவாத காவலர் தம் வீட்டையே எரிக்கும் கதையை உவமையாக்கி, பகை மறத்தலைப் பற்றி ஜும்ஆவில் ஓர் உரை நிகழ்த்த நமக்கு ஆசை எழத்தான் செய்தது. அடக்கிக்கொண்டோம். அம்மையார் உவமை கேட்டு வந்தவரல்லர்.

நான்கு நாள் கழித்து நம் இல்லாள் மூலம் சொல்லியனுப்பி அவரை வரவழைத்தோம். முன்னே சொன்னது தவறு, மன்னியுங்கள் என்று நாம் கூறியதும் அவர் திகைத்துப் போனார். "ஹஜ்ரத் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" என்றார். டாக்டரிடம் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள், வரன் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கில்லை என்று மூன்றையும் பிரித்துச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "வாயால் சொல்ல வராது. ஹஜ்ரத் எழுதிக் கொடுத்தால் நீட்டிவிடுவேன்" என்றார். மாத்திரைப் புட்டியின் மேலட்டையை மகள் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்து, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தோம். நமக்கு அதற்கு முன் எழுதிப் பழக்கமில்லாத சொற்கள். எழுத்துக்கூட்டிப் பார்த்தே எழுதினோம்.

ரமலான் பிறை காண்பதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி வந்தார். டாக்டர் சீட்டைப் படித்து மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாராம். சர்க்கரை மாத்திரையைக் குறைத்து, வெண்மருந்தை நிறுத்தி, கொழுப்புக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். இதயக் குழாயைப் படமெடுத்துப் பார்க்க நாளும் குறித்திருக்கிறார். மகனுக்கு இன்னும் கோபம் தணியவில்லை. வரன் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

இரவு மாத்திரையைத் தராவீஹ் தொழுதபின் உண்டுகொள்வதாகச் சொன்னார். "நோன்பு வைக்கலாமா, ஹஜ்ரத்?" என்று அடுத்துக் கேட்டார். நோயாளிக்கு உள்ள சலுகையும் ஃபித்யாவின் சட்டமும் நம் நாவின் நுனியில் இருந்தன. குழாய்ப் படம் எடுத்தபின் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அதன்பிறகு சொல்கிறோம் என்றோம்.